வெள்ளத்தில் போன காகிதமும் போகாத கார்டு பாக்கியும்

வாசகர் கேள்வி – 9 ஜூன் 2025

ஐயா, நான் ஜாபர்கான்பேட்டையில் இருக்கிறேன். 2010இல் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு வாங்கினேன். 2013இல் வேலை போனதால் கட்ட முடியாமல் நின்றுவிட்டது. அப்போது பாக்கி நாற்பதாயிரத்துக்குள்தான் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது ஸ்டேட்மென்ட், கார்டு, வங்கிக் கடிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. போன வாரம், நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு நிறுவனம் ரூ.1,86,000 கேட்டு வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பியிருக்கிறது. இன்றைக்கு ஆயிரம் ரூபாய் கட்டி, மீதியைத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுத்தால் வட்டியை நிறுத்திவைப்பதாகச் சொல்கிறார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாத நான் எதை வைத்துப் பேசுவது? கட்டிவிடலாமா?

9 ஜூன் 2025, இரவு

கட்ட வேண்டாம். எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை தொலைபேசியில் "ஆமாம் சார், கொடுக்க வேண்டியதுதான்" என்றுகூடச் சொல்லாமல் இருங்கள்.

10 ஜூன் 2025

காகிதம் இல்லாததை உங்கள் குறையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்பவர் அவர். கடன் இருக்கிறது, அது இவ்வளவு இருக்கிறது, அதைக் கேட்கும் உரிமை வங்கியிடமிருந்து தமக்கு வந்திருக்கிறது என்ற மூன்றையும் காட்ட வேண்டியவரும் அவரே. உங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளம் அவருடைய கோப்பு அறைக்குள் போகவில்லை. ஆகவே அவரிடம் காகிதம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அடுத்தது காலம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் உண்டு. அந்தக் காலம் கடந்த பிறகு போடப்படும் வழக்கை, எதிர்த் தரப்பு அதைச் சொல்லாவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளின்படி கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு ரூபாய் கட்டினாலோ மூன்றாண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அந்த ஆயிரம் ரூபாயை அவர்கள் கேட்பது அதற்காகத்தான்.

12 ஜூன் 2025

மேலே எழுதியதில் கடைசிப் பகுதி தவறு. அச்சகக் கணக்கராக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்குச் சட்டம் பாதிதான் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. பாரிமுனையில் வழக்கறிஞராக இருக்கும் நண்பர் படித்துவிட்டுக் காலையிலேயே கூப்பிட்டுத் திருத்தினார்.

18ஆவது பிரிவும் 19ஆவது பிரிவும் அந்த மூன்றாண்டு முடிவதற்கு முன்பு நடந்தவற்றுக்கே பொருந்தும். மூன்றாண்டு முடிந்த பிறகு கட்டிய ஆயிரம் ரூபாய், செத்த காலக்கெடுவை உயிர்ப்பிக்காது. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம், வேறொரு கதவு திறந்தே இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25, உட்பிரிவு 3: காலம் கடந்துவிட்ட கடனைத் திருப்பித் தருகிறேன் என்று கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் அந்த வாக்குறுதியே ஒரு புதிய ஒப்பந்தமாகிவிடும், பழைய கடன் செத்தாலும் இந்தப் புதிய தாளின் மேல் வழக்குப் போடலாம். ஆகவே அவர்களுக்கு வேண்டியது உங்கள் ஆயிரம் ரூபாய் அல்ல, "தவணையில் தருகிறேன்" என்ற அந்த ஒற்றை வரிதான். நான் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் தவறு.

இன்னொன்று. காலம் கடந்தால் கடன் அழிந்துவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். அழிவதில்லை. வழக்குப் போட்டு வாங்கும் வழிதான் அடைபடுகிறது. அவர்கள் கேட்கலாம், நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம்.

15 ஜூன் 2025

இவ்வளவு அக்கறை எனக்கு ஏன் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2007இல் ஸ்பென்சர் பிளாசாவுக்குள் நுழையும் இடத்தில் டை கட்டிய ஒரு தம்பி என்னை நிறுத்தி, சம்பளச் சீட்டின் நகலையும் ஒரு புகைப்படத்தையும் வாங்கிக்கொண்டு, பதினைந்து நாளில் கார்டை வீட்டுக்கே அனுப்பிவைத்தான். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊராருக்கெல்லாம் வட்டிக் கணக்குப் பார்த்துச் சொன்ன நான், என் ஸ்டேட்மென்ட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியை மட்டும் பார்த்து அதையே கட்டிவந்தேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, பிறகு எதற்கென்று இன்று நினைவில்லாத சில்லறைச் செலவுகள். 2011இல் அச்சகம் மூடப்பட்டது. பாக்கி ரூ.31,400இல் நின்றது.

2012இல் வங்கியே செட்டில்மென்ட் பேசியது. ரூ.18,000 ஒரே தவணையில் கட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்று கடிதம் கொடுத்தார்கள். வசூலுக்கு வந்தவர் ரொக்கமாகக் கேட்டார். என் மனைவி உள்ளேயிருந்து, "செக்காகக் கொடுங்கள், செக்குக்குத்தான் வாய் உண்டு" என்றாள். அந்த ஒரு வாக்கியம் பின்னாளில் என்னைக் காப்பாற்றியது. கடிதத்தையும் ரசீதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேஸில் வைத்தேன். மேற்கு சைதாப்பேட்டையில் தரைத்தள வீடு. 2015 டிசம்பர் 2ஆம் தேதி விடிந்தபோது கட்டிலே மிதந்துகொண்டிருந்தது.

2024 மே மாதம் மகளின் கல்விக் கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திடப் போன இடத்தில், கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபில் நிறுவனத்தின் என் அறிக்கையில் அந்த கார்டு 'ரைட்-ஆஃப்' (வாராக்கடன் என்று வங்கி எழுதித் தள்ளியது) என்றும் பாக்கி இருப்பதாகவும் வருகிறது என்று மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போதும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

16 ஜூன் 2025

கட்டில் மிதந்தது என்பது மிகை என்று மனைவி ஆட்சேபிக்கிறாள். மரக்கட்டில்தான், ஒரு பக்கம் மட்டும் தூக்கியது என்பது அவள் சாட்சியம். பதிவுசெய்துவிட்டேன்.

22 ஜூன் 2025

காகிதத்தைத் திரும்ப உண்டாக்கிய விதம்.

முதலில் கடன் அறிக்கை. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. 2017 முதல் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். என் விஷயத்தில் ஒன்றில் 'ரைட்-ஆஃப்', ஒன்றில் 'செட்டில்டு' (குறைத்துக் கட்டித் தீர்த்தது), மற்ற இரண்டில் அந்த கார்டே இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்து மனம் நோகாமல், கணக்கைத் தொடங்கிய நாள், கடைசியாகப் பணம் கட்டிய நாள், இப்போது கணக்கு யார் பெயரில் காட்டப்படுகிறது என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கார்டு எண்ணே மறந்துபோனவருக்கு அதன் சில இலக்கங்களும் அங்கே கிடைக்கும்.

அறிக்கையில் உள்ள பழைய பதிவு ஏழு ஆண்டுகளில் தானாக அழிந்துவிடும் என்று நம்பி நானும் காத்திருந்தேன். சட்டம் சொல்வது, அந்த நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான். 'குறைந்தது' என்ற சொல்லை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். வங்கி ஒவ்வொரு முறையும் பாக்கி என்றே புதுப்பித்துக்கொண்டிருந்தால் பதிவு நீடித்துக்கொண்டே போகும்.

இரண்டாவது சேமிப்புக் கணக்கு. கார்டு கொடுத்த வங்கியை மறந்துவிடுங்கள். நீங்கள் பணம் கட்டிய கணக்கு எந்த வங்கியில் இருந்தது? பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வங்கிகள் பரிவர்த்தனைப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஆனால் கணினிக்கு மாறிய பிறகான பதிவுகளைப் பல கிளைகளில் அதற்கு மேலும் தேடி எடுக்க முடிகிறது. நான் கிளைக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை "அவ்வளவு பழையது வராது" என்றார்கள். மூன்றாம் முறை ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்த ஓர் அம்மாள் ஏதோ ஒரு திரையைத் திறந்து, 2012ஆம் ஆண்டின் பக்கத்தை அச்சிட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தார். காசோலை எண், தேதி, கார்டு வங்கியின் பெயர், ரூ.18,000. செக்குக்கு வாய் இருந்தது.

3 ஜூலை 2025

கேள்வி கேட்டவர் அறிக்கை எடுத்துவிட்டார். கணக்கு வங்கியின் பெயரில் இல்லை, கடிதம் அனுப்பிய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதாம். வாராக்கடன்களை மொத்தமாக ஒரே மூட்டையாகச் சேர்த்து, சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு வங்கிகள் விற்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வழக்கமான காரியம்தான். ஆனால் விற்பனை நடந்ததற்குப் பத்திரம் இருக்க வேண்டும். அதில் உங்கள் கணக்கு இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். வங்கியே கை மாறியிருந்தாலும் இதே கேள்விதான்: சிட்டி வங்கியின் இந்திய கார்டு வணிகம் 2023 மார்ச் 1 முதல் ஆக்சிஸ் வங்கிக்குப் போனது போன்ற இடமாற்றங்களில், பழைய பெயரைத் தேடிக்கொண்டு அலைவதில் பயன் இல்லை.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் இது:

"தாங்கள் குறிப்பிடும் கடன் எதுவும் எனக்கு இல்லை. அதைக் கோரும் உரிமை தங்களுக்கு வந்ததற்கான ஆவணம், என் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் நகல், கடைசியாகப் பணம் செலுத்தப்பட்ட நாள், அசல், வட்டி, கட்டணம் எனப் பிரித்த கணக்கு ஆகியவற்றை அனுப்ப வேண்டுகிறேன்."

ஒப்புகை கிடைக்கும் விதமாகத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள்.

4 ஜூலை 2025

இரவெல்லாம் அந்தக் கடிதத்தின் முதல் வரி உறுத்தியது. அவர் கார்டு வாங்கியதும் செலவழித்ததும் உண்மை. "எனக்கு இல்லை" என்று எழுதச் சொல்வது பொய் எழுதச் சொல்வது. நாளை அவர்கள் விண்ணப்பத்தைக் காட்டிவிட்டால் அவருடைய மற்ற வார்த்தைகளும் மதிப்பிழக்கும். முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: "இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகவோ, தருவதாக வாக்களிப்பதாகவோ கொள்ளப்படக் கூடாது. தாங்கள் கோரும் தொகைக்கான ஆதாரங்களைக் காணாமல் அது குறித்து நான் எதுவும் கூற இயலாது." இதில் பொய்யும் இல்லை, பிடியும் இல்லை.

4 ஜூலை 2025, மாலை

கணக்கன் புத்தி விடவில்லை. ரூ.40,000க்கு மாதம் 3.5 சதவீதம் என்று வைத்து 144 மாதங்களுக்குக் கூட்டு வட்டி போட்டால் ரூ.56 லட்சத்தைத் தாண்டுகிறது. தனி வட்டி என்றால் வட்டியும் அசலுமாக ரூ.2,41,600. அவர்கள் கேட்பதோ ரூ.1,86,000. எந்தக் கணக்கிலும் அது வரவில்லை. பிரித்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று ஒரு தீர்ப்பு உண்டே என இன்னொருவர் நினைவூட்டினார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அப்படிச் சொன்னது உண்மை. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. அந்த ஆயுதம் இப்போது இல்லை.

11 ஜூலை 2025

கேள்வி கேட்டவரின் மைத்துனருக்கு வசூல் முகவர் தொலைபேசி செய்திருக்கிறார். இரவு எட்டரை மணிக்கு. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவின்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்வதும் கூடாது. அழைத்த எண், நேரம், பேசியது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ராஜாஜி சாலைக்கு நேரில் போக வேண்டும் என்று நினைத்து நான் ஒரு நாள் வெயிலில் நின்றேன். இணையத்திலேயே பதியலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிகளோடு கடன் அறிக்கை நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. வங்கியின் வாராக்கடன்களை விலைக்கு வாங்கும் இந்த வகை நிறுவனத்தின் மேல் புகார் அங்கே எடுபடுமா என்பதைப் பதியும்போதே அந்த எண்ணில் கேட்டுவிடுங்கள்.

"போலீஸ் வரும்" என்று சொன்னார்களாம். கார்டு பாக்கி சிவில் விவகாரம். காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு என்ற வேறு பேச்சு. பாதுகாப்புக்கென்று இப்போது தேதியில்லாத காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

13 ஜூலை 2025

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன். மூன்றாண்டு கடந்துவிட்டது என்று நாம் பேசுவதெல்லாம், அந்த மூன்றாண்டுக்குள் அவர்கள் வழக்குப் போடவில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. 2014இலோ 2015இலோ வழக்குப் போட்டு, பழைய முகவரிக்குப் போன சம்மன் திரும்பி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பும் வாங்கியிருந்தால்? அந்தத் தீர்ப்பாணையைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை நிறைவேற்றலாம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான நிபந்தனை இருந்து அப்படி ஓர் ஆணை பெற்றிருந்தாலும் அதுவே கதை.

நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இகோர்ட்ஸ் இணையதளத்தில் சென்னை நகர உரிமையியல் நீதிமன்றம், சிறு வழக்குகள் நீதிமன்றம் இரண்டிலும் உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். தலைப்பெழுத்து முன்னால், பின்னால், அப்பா பெயரோடு. என் பெயரில் தேடியபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. என் பெயர் கொண்ட பதினேழு பேருக்கு வாடகை வழக்கு இருப்பது தெரிந்தது.

இனிமேல் சம்மன் ஏதும் வந்தாலும் "காலம் கடந்ததுதானே" என்று வீட்டில் உட்காராதீர்கள். போய் நிற்க வேண்டும்.

2 ஆகஸ்ட் 2025

பெயரைத் தேடியதில் வழக்கு எதுவும் இல்லையாம். ஆனால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) என்று தலைப்பிட்ட ஒரு நோட்டீஸ் வந்து அவர் வீட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது வழக்குக்கு முந்தைய சமரச அழைப்பு. போகாவிட்டால் தண்டனை இல்லை. போவதும் தவறில்லை. ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அங்கே உள்ள மேசை விசிறியின் காற்றில், எல்லாரும் அன்பாகப் பேசும் சூழலில், கை தானாகப் பேனாவைத் தேடும். வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போக வேண்டும்.

30 ஆகஸ்ட் 2025

பதில் வந்துவிட்டது. பத்திரம் இல்லை, விண்ணப்ப நகல் இல்லை. கணினியில் அச்சிட்ட ஒற்றைத் தாள். பாதிக் கட்டங்களில் பூஜ்யம். அதில் நிரப்பப்பட்டிருந்த ஒரே உருப்படியான கட்டம், 'கடைசியாகப் பணம் செலுத்திய நாள்: 14 மார்ச் 2013'. காலம் கடந்துவிட்டது என்பதைக் காட்டக் காகிதம் இல்லையே என்று மூன்று மாதமாகத் தவித்தவருக்கு, கேட்டவர்களே அந்தக் காகிதத்தை முத்திரையோடு அனுப்பியிருக்கிறார்கள். பாரிமுனை நண்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, லேமினேட் செய்யச் சொன்னார். கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை, ஜாபர்கான்பேட்டைக்காரர் செய்துவிட்டார்.

31 ஆகஸ்ட் 2025

இப்போது அவர் கேட்பது வேறு: "சட்டப்படி கொடுக்க வேண்டாம். ஆனால் நான் செலவழித்த பணம்தானே, கொடுத்துவிடலாமா?"

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, ஆனால் நான் செய்ததைச் சொல்லலாம். வங்கிப் பக்கத்தின் நகலோடு 2024 ஜூன் 3 அன்று சிபிலில் திருத்தம் கோரினேன். 'ரைட்-ஆஃப்' என்பது 'செட்டில்டு' ஆனது. கல்விக் கடன் கொடுப்பவருக்கு 'செட்டில்டு' என்பதும் கரும்புள்ளிதான். முழுவதும் கட்டியவருக்கே 'க்ளோஸ்டு' என்று வரும். வங்கி 2012இல் தள்ளிக்கொடுத்த ரூ.13,400ஐ இப்போது கட்டினால் மாற்றித் தருவதாக எழுத்தில் சொன்னார்கள். எழுத்து கைக்கு வந்த பிறகு, அந்த வங்கிக் கணக்குக்கே, காசோலையாகக் கட்டினேன். நோ டியூ சான்றிதழ் வாங்கினேன். அம்மாவின் கண் அதற்குள் அடக்கம் என்று சொல்லிக்கொண்டேன். மகளுக்காகக் கட்டினேனா அம்மாவுக்காகவா என்பது இன்னும் எனக்குத் தெளிவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ரூ.1,86,000 அல்ல. நீங்கள் செலவழித்ததாக நினைவிருக்கும் தொகையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். உரிமைப் பத்திரத்தைக் காட்டாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நாளை உண்மையான உரிமையாளர் என்று இன்னொருவர் வருவார். "முழுமையாகத் தீர்ந்தது" என்ற கடிதம் முதலில், பணம் பிறகு.

6 செப்டம்பர் 2025

திருத்தம் கோரினால் எவ்வளவு நாளாகும் என்று கேட்டவருக்கு: முப்பது நாள். அதற்கு மேல் போனால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. என் திருத்தம் ஜூலை 14இல்தான் முடிந்தது. 41 நாள், அதாவது 11 நாள் தாமதம். ரூ.1,200 வந்தது என்று முன்பு ஒருவரிடம் சொல்லியிருந்தேன். பாஸ்புக்கைப் பார்த்தேன், ரூ.1,100தான். கேட்காமல் வரவில்லை, இரண்டு மின்னஞ்சல் எழுதிய பிறகே வந்தது.

19 செப்டம்பர் 2025

ஜாபர்கான்பேட்டைக்காரர் நேற்று வீட்டுக்கு வந்திருந்தார். பத்திரத்தைக் காட்டினால் ரூ.40,000 வரை பேசத் தயார் என்று முன்பு எழுத நினைத்திருந்தார். அப்படி எழுதினால் அதுவே வாக்குறுதியாகக் கொள்ளப்படலாமே என்று அப்போதே தடுத்திருந்தேன். "பத்திரத்தைக் காட்டுங்கள்" என்பதோடு கடிதத்தை நிறுத்திக்கொண்டார். அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது, பதில் இல்லை, தொலைபேசியும் வரவில்லை.

போகும்போது என் பரணைப் பார்த்து, கோப்புகளை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பழைய எவர்சில்வர் அரிசித் தூக்கில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். தூக்கு மனைவியுடையது, அதைத் திருப்பித் தரச் சொல்லி ஒன்பது மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை மட்டும் நான் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை.